சபையில் ஊழியம் செய்தால் அன்பும் அர்த்தமும் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 29. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மூன்று வருடமாகத் திருவொற்றியூரில் வாடகை அறை, கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆயர் ஆசீர்வாதம் சொன்ன கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். "ஊழியத்தில் இறங்கு தம்பி, எல்லாம் சரியாகும்" என்று யாரோ சொன்னார்களாம். அப்படி இறங்கினால் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தமும் அன்புகாட்ட ஒரு ஆளும் உண்மையிலேயே கிடைக்குமா, அதை மனதில் வைத்துக்கொண்டு போவது தப்பா என்று கேட்கிறீர்கள். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன மாதம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தபோது அறைக் கதவைத் தட்டியது தண்ணீர் கேன் போடுகிற பையன் மட்டும்தான் என்று. போகிற போக்கில் எழுதியதுபோல இருக்கிறது. எனக்கென்னவோ கேள்வியே அந்த வரிதான் என்று படுகிறது. நான் வராவிட்டால் என்னைத் தேட ஒரு ஆள் உண்டா, அப்படி ஒரு ஆளை ஊழியம் சம்பாதித்துக் கொடுக்குமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஆயர் இல்லை, வேதசாஸ்திரம் படித்தவளும் இல்லை. வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபை. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், வியாதியஸ்தர் வீடு சந்திப்பு என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறேன். நடுவில் சனிக்கிழமை வகுப்பாக ஒரு வருடம் கவுன்சலிங் படித்தேன். ஆகவே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி காசிமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே கண்ணால் பார்த்தது. கத்தோலிக்கக் கோயில்களையும் பெந்தெகொஸ்தே சபைகளையும் அக்கம்பக்கத்து ஆளாகத்தான் தெரியும்.

தப்பா என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ரூத்தின் கதை உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்திருக்கும். அவள் போவாசின் வயலுக்குப் போனது வயிற்றுப்பாட்டுக்கு. சிந்தின கதிரைப் பொறுக்கி மாமியாருக்கும் தனக்கும் அடுப்பு எரியவேண்டும், அவ்வளவுதான். அந்நிய தேசத்துக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள். அவளைக் கண்டதும் போவாஸ் வேலைக்காரர்களின் கண்காணியிடம் கேட்டது, "இந்தப் பெண்பிள்ளை யாருடையவள்" என்று. புது ஊரில் நம்மைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். தேவை உள்ளவன் தேவையோடுதான் வருவான். தனிமை தாங்காமல் சர்ச்சுக்கு வந்தேன் என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அதற்காக வருகிறவர்கள் ஏராளம். இதில் தப்பு நுழைகிற இடம் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊழியம் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. இப்போது நம் பக்கம் ஊழியம் என்றால் மேடை, மைக், கீபோர்டு, சுவரொட்டி. "அவர் ஊழியக்காரர்" என்றால் பிரசங்கம் செய்கிறவர் என்று ஆகிவிட்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் தியாகோனியா. பந்தியில் பரிமாறுவதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு வருகிறது. கிரேக்கரானவர்களின் விதவைகளுக்குச் சேரவேண்டியது சரியாகச் சேரவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை அவர்களிடம் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் இருக்கிற தமிழ் வேதாகமம் அந்த வேலையை "அன்றாட விசாரணை" என்கிறது, அடுத்த வசனத்தில் "பந்திவிசாரணை" என்கிறது. இன்றைக்கு விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும், எங்கள் ஏரியாவில் கேட்கவே வேண்டாம். ஆனால் கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே நடந்துகொண்டே, "இந்த இலைக்கு ரசம் வரலையே" என்று கவனிக்கிற பெரியவர் செய்வதும் விசாரணைதான். மத்தேயு 25-லும் தமிழில் அதே வினைச்சொல்: "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." முப்பது வருடத்தில் நான் கண்டதைச் சொல்ல எனக்கு இந்த ஒரு சொல் போதும். அடுத்தவரை விசாரிக்கிற வேலையில் இருந்தவர்களை, பிறகு ஒரு நாள் யாராவது வந்து விசாரித்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவு நிச்சயமாக நடக்கவில்லை.

மேடையை மட்டம் தட்டவில்லை. என் அண்ணன் மகன் கொயரில் பன்னிரண்டு வருடம் பாடினான், நல்ல டெனர். சனிக்கிழமை பயிற்சி, ஞாயிறு ஆராதனை, டிசம்பர் வந்தால் விடிய விடிய கேரல் ரவுண்ட்ஸ். வேலை மாறி ஓசூருக்குப் போனான். கொயருக்கு வேறு டெனர் கிடைத்தார், இவன் எண்ணை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார்மேலும் குற்றமில்லை. கொயருக்கு ஒரு குரல் குறைந்தது, அந்தக் குரல் வந்துவிட்டது.

அதே கோயிலின் பின்பக்கத்து அடுப்படிக்கு வாருங்கள். உங்கள் ஊரில் அசனம் என்பதை இங்கே அன்பின் விருந்து என்போம். அசனம் அளவுக்குக் கூட்டம் வராது, ருசியும் உங்கள் ஊர் ருசி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்; பிரியாணியும் தால்சாவும் வைத்துச் சமாளிப்போம். முதல்நாள் ராத்திரி வெங்காயம் உரிக்க எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒவ்வொருவர் வீட்டுக் கதையும் வெளியே வரும். வெங்காயத்துக்கு அழுகிறாரா வீட்டுக்கு அழுகிறாரா என்று தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். மறுநாள் மத்தியானம் அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்க்க ஒரு பையன் வேண்டும். போன வருடம் தேய்த்தவன் இந்த வருடம் வரவில்லையென்றால், "இன்னாமா, அந்தத் திருநெல்வேலி புள்ளய காணோம், ஊருக்குப் பூட்டானா?" என்று மூன்று பேராவது கேட்பார்கள். அண்டா தேய்க்க வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. கூச்சமுள்ளவர்களுக்குக் கைவேலை நல்ல மறைப்பு. முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயம் இல்லாததால் பேசிவிடுவார்கள், அப்படிப் பேசியவர்களை மறப்பது கஷ்டம்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். உங்களைப் போலவே வெளியூர், ராயபுரத்தில் இரண்டு பேரோடு அறை. பேசவே மாட்டான். வீடு சந்திப்புக்கு ஆள் போதவில்லை என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். காசிமேட்டில் ஒரு பெரியவர், விசைப்படகு ஓட்டியவர், சிறுநீரகம் இரண்டும் போய் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறை படுத்தால் நாலு மணி நேரம். மற்ற நாட்களுக்கு மகளும் மருமகனும் மாற்றி மாற்றிப் போனார்கள், வியாழக்கிழமைக்கு ஆள் இல்லை. பையன் அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டான். ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த கையில், கனம் தூக்கக்கூடாது, அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடக்கூடாது, தாகம் என்று கெஞ்சினாலும் தண்ணீர் அளவுதான் என்று சொல்லிக்கொடுத்தேன். போகும்போது பையைத் தூக்கிக்கொள்வான், வரும்போது ஆட்டோ பிடித்து மாடி ஏற்றிவிடுவான். முதல் இரண்டு மாதம் இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வா என்று ஆயரம்மா சொல்லி அனுப்பியும் கூச்சத்தில் அவன் பண்ணவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவனுக்கு டெங்கு. ஒரு வியாழக்கிழமை அவன் வரவில்லை என்றதும் பெரியவர் சிகிச்சை முடிந்த களைப்போடேயே மகளை அவன் அறைக்கு அனுப்பினார். தூக்குவாளியில் கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சுட்ட நெத்திலிக் கருவாடு. டெங்குவுக்குக் கருவாடு ஆகுமா என்று என்னைக் கேட்காதீர்கள். வாளியை வாங்கியவன் கதவோரமாக நின்று அழுதான் என்று அந்த மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியவர் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். பையனுக்குப் பெண் நம் சபையில் அமையவில்லை, அவன் அம்மா நாசரேத்தில் பார்த்து முடித்தார். அந்தக் கல்யாணத்துக்குக் காசிமேட்டிலிருந்து ஆறு பேர் வேன் பிடித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆராய்ச்சிகளில் ஏதாவது இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் சாயுன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருப்பதற்குப் பெரிய காரணம் அந்தச் சபைக்குள்ளேயே அவர்களுக்கு இருக்கும் நெருங்கிய நண்பர்கள். வாரம் தவறாமல் வந்தும் அங்கே நண்பர் இல்லாதவர்களிடம் அந்தத் திருப்தி தெரியவில்லை. கடைசி பெஞ்சைப் பற்றிய ஆய்வு என்றே வைத்துக்கொள்ளலாம். 2016-ல் ஹார்வர்டின் டைலர் வாண்டர்வீலும் அவரோடு இருந்தவர்களும் 70,000-க்கு மேற்பட்ட நர்ஸுகளை 16 வருடம் தொடர்ந்த தரவை எடுத்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களுக்கு, போகவே போகாதவர்களைவிட அந்தக் காலத்தில் இறப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. நர்ஸுகள் என்பதால் எனக்கு அந்த ஆய்வின்மேல் தனிப் பாசம். ஆனால் நடக்கத் தெம்புள்ளவர்தானே கோயிலுக்குப் போகிறார், அந்தத் தெம்புதான் ஆயுளையும் நீட்டியதோ என்ற சந்தேகம் வரும். அதைக் கணக்கில் கழிக்க அவர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். முழுதும் கழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்க நர்ஸுகளுக்குக் கிடைத்த எண்ணைத் திருவொற்றியூர் ஷிப்ட் தொழிலாளிக்கு அப்படியே ஒட்டவும் முடியாது.

அர்த்தம் என்று கேட்டீர்களே, அதில்தான் என்னால் உறுதியாகப் பேச முடியவில்லை. உன் பிறவியின் நோக்கம் இது என்று யாரோ விளக்கைப் போட்டுக் காட்டியதுபோல எனக்கு ஒரு நாளும் ஆனதில்லை. சாட்சி சொல்கிறவர்களில் சிலருக்கு ஆகியிருக்கிறது, அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அதைவிடச் சின்னது. வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒருவர் சட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பார், போகவேண்டும், அவ்வளவு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையை எங்கள் ஏரியாவில் வயதானவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782-ல் பஞ்சம் வந்தபோது மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதிலிருந்து வந்த பெயர். அன்றைக்குக் கஞ்சி ஊற்றியவருக்குப் பின்னால் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியே நிற்கும் என்று தெரியாது. வரிசையில் நின்றவர்களுக்குப் போதுமா என்பதுதான் கவலையாக இருந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்யும் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தபோது எங்கள் வாலிபர்கள் பத்துப் பேர் போனார்கள். ஒரு பாட்டி வீட்டுச் சுவரை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவனிடம், "ஊழியம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "கை எரியுது ஆன்ட்டி" என்றான்.

விசுவாசம் அரைகுறையாக இருக்கும்போது ஊழியம் செய்யலாமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி. அண்டா தேய்க்கலாம், பை தூக்கலாம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது மட்டும் கொஞ்சம் பொறுத்து என்பேன்.

அன்பாக ஒரு ஆள் என்று நீங்கள் சொன்னது கல்யாணத்தையும் சேர்த்துத்தானே. நடக்கிறது. எனக்கே நடந்தது. 1987-ல் எங்கள் சபை விருந்தில் நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். சாம்பார் வாளியோடு ஒருவர் பின்னால் வந்தார், துறைமுகத்தில் கிளார்க். நாலு வருடமாக ஒரே கோயில், அதற்கு முன் அவரைக் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை. கடைசிப் பந்தியில் வயதான அம்மாக்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாளியில் காய் தீர்ந்து குழம்பு மட்டும் இருந்தது. அவர் ஊற்றாமல் திரும்பிப் போய் அடியில் கிடந்த முருங்கைக்காயைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து போட்டார். நான் கவனித்தது அந்த முருங்கைக்காயைத்தான். கல்யாணம் 1989-ல். அதற்குள் இரண்டு வருடம் வீட்டில் யுத்தம், ஏனென்றால் அவர் வேறு ஜாதி.

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊழியத்தில் எல்லோரும் பிரதர், சிஸ்டர். வரன் பேச உட்காரும்போது, "அவங்க எந்த ஊர் பக்கம்?" என்று ஒரு கேள்வி வரும். அது ஊரைக் கேட்கிற கேள்வி இல்லை என்று உங்களுக்கும் தெரியும். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களுக்கு 1950-ம் வருடத்து ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி. தகுதி கிடையாது, தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். தாலுகா ஆபீஸ் காகிதத்தில் மாறிவிட்டது, பெண் கேட்கும் வீட்டுக் கூடத்தில் மாறவில்லை. என் அப்பாவிடம் அன்றைய ஆயர் மூன்று முறை வீட்டுக்கு வந்து பேசினார். அப்படி ஒரு ஆயர் கிடைத்தது எனக்குக் கொடுப்பினை. எல்லோருக்கும் கிடைப்பதில்லை, ஒன்றாக வீடு சந்திப்புக்குப் போய் ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பேர், ஓலை வாசிக்கிற கட்டம்வரை, அதாவது கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிக்கிற கட்டம்வரை வந்து பிரிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கூடவே ஒரு எச்சரிக்கை. ஊழியத்தில் கூட வேலை செய்கிற பெண்ணைப் பிடித்துப்போனால் நேராக, ஒரு தடவை, மரியாதையாகக் கேளுங்கள். அவள் இல்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "கர்த்தர் எனக்கு உங்களைக் காட்டினார்" என்று போய் நிற்காதீர்கள். இது நம் வாலிபர் கூட்டங்களில் ஒரு வியாதியாகவே இருக்கிறது. கர்த்தர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் மறுப்புச் சொல்லும்? என்னிடம் அழுதுகொண்டு வந்த பெண்பிள்ளைகளில் இரண்டு பேர் இந்த ஒரு காரணத்துக்காகச் சபையையே மாற்றிக்கொண்டார்கள்.

இனி ஆபத்து. இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பகுதி, ஏனென்றால் நான் விழுந்த குழி. கல்யாணமாகாதவர், தனியாக இருப்பவர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர் ஆகிய மூவர் தலையிலும் எல்லா வேலையும் வந்து விழும். எனக்கு மூன்றாவது. மகனுக்கு எட்டு வயதிருக்கும். இரவு டியூட்டி முடித்து வந்து ஞாயிறு பள்ளி, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, வாரத்தில் இரண்டு நாள் வீடு சந்திப்பு. பிள்ளைக்குப் பொன்னுக்குவீங்கி வந்து தாடை வீங்கியது எனக்கு இரண்டாம் நாள் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் நர்ஸ்! பொறுப்புகளை விட்டுவிடுகிறேன் என்று போய்ச் சொன்னபோது அப்போது பொறுப்பில் இருந்தவர், "நீங்க விட்டுட்டா யாரு பாக்கிறது?" என்றார். விட்டுவிட்டேன். மூன்று மாதம் சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, வாட்ச்மேன் வீட்டுக்கார அம்மாவைத் தவிர. அவர்களும் நானும் வருடக்கணக்காகச் சேர்ந்து பாத்திரம் கழுவியவர்கள். என்னைத் தேவைப்பட்டவர்கள் அத்தனை பேர், பிரியமாக இருந்தது யார் யார் என்று அந்த மூன்று மாதத்தில் எண்ணிப் பார்த்தேன். கணக்கு ஒரு கைக்குள் அடங்கியது. முதலில் கசப்பாகத்தான் இருந்தது. பிறகு திரும்பிப் போனேன், வீடு சந்திப்புக்கு மட்டும். 2018-ல் என் வீட்டுக்காரர் இறந்தபோது அந்த வீடுகளிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. நடக்க முடியாத ஒரு அம்மா பேரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, ஒன்றும் பேசாமல், என் அடுப்படியில் கிடந்த பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் விட்ட அந்தத் தப்பு இதோடு சேர்ந்தது. வீடு சந்திப்புக்கு வந்த ஒரு அக்கா, தான் கவனித்துக்கொண்ட நோயாளி தேறி எழுந்து வேறு ஊருக்கு மகனோடு போனதும் நன்றிகெட்டவர் என்று பொரிந்து தள்ளினார். அவருக்கு அந்த வியாதி வேண்டியிருந்தது, வியாதியஸ்தர் வேண்டியிருக்கவில்லை. தனிமையில் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் தொற்றும். எனக்கும் லேசாக வந்து போயிருக்கிறது. ஒரு வாரம் ஒருவர் "இன்னைக்கு வேணாம்மா, பரவால்ல" என்று சொல்லும்போது மனம் சுருங்கினால் கவனியுங்கள், கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

சபையைப் பற்றியும் ஒன்று. சம்பளம் எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே துருவுகிறவர்கள், ஊருக்கு லீவில் போனாலும் அனுமதி கேட்கவேண்டும் என்பவர்கள், விலகினால் சாபம் வரும் என்பவர்கள் — இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அங்கே அண்டாகூடத் தேய்க்கவேண்டாம். யாத்திராகமம் 18-ல் காலையிலிருந்து சாயங்காலம்வரை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு ஆளை விட்டுவைக்கிற சபையாகப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவும் விட்டான். உங்களுக்கும் தூக்கம் போய், சாப்பாடு வேண்டாமென்று, இருந்து என்ன என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது ஊழியத்தால் தீர்கிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். ஜெபத்தோடு மாத்திரையும் சாப்பிடலாம், ஒன்றுக்கொன்று சண்டை கிடையாது.

உங்களுக்கு ஷிப்ட் வேலை என்பதால் வாராவாரம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் இரண்டு முறை, ஒரே வீடு, ஆறு மாதத்துக்கு என்று ஆயரிடம் கேளுங்கள். தனியாகப் போகாமல் இன்னொருவரோடு போவது எல்லா வகையிலும் நல்லது. 1833-ல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை நம் கத்தோலிக்கக் கோயில்களிலும் இருக்கிறது, அவர்களும் ஏழைகள் வீட்டுக்கு இருவராகத்தான் போகிறார்கள். மூன்று மாதம் வரை ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருக்கும். கிட்டார் வாசிப்பீர்கள், கொயரில் சேரலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சேருங்கள், பயிற்சி முடிந்து டீ குடிக்கப் போகும்போது கூடப் போங்கள். ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுக்கிறதைக் கால் மணி நேரம் தள்ளிப்போடுங்கள், வாட்ச்மேனிடம் உங்கள் பெயரையும் அறை இருக்கும் தெருவையும் சொல்லி வையுங்கள்.

அது இருக்கட்டும். அந்த நாலு நாள் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? பிளேட்லெட் எவ்வளவு இருந்தது? இப்போது நடமாட்டத்தில் களைப்பு இருக்கிறதா? மறுபடி வந்தால் பாரசிட்டமாலுக்கு மேல் எதையும் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், முக்கியமாக புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள். எப்படி இருக்கிறது என்று இங்கேயே ஒரு வரி எழுதுங்கள் தம்பி, நான் பார்ப்பேன்.